வலது கையில் சிவப்புத் துணி

அச்சான தாளை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையிலிருக்கும் சவரக் கண்ணாடியை அதற்கு எதிரே காட்டி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறார். சட்டையில் ஒட்ட வேண்டிய படத்தைத் தாளில் இடவலம் மாற்றித்தான் அச்சடிக்க வேண்டும். துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தி உரித்தால் நேராக விழும். கணினியே மாற்றிக் கொடுத்துவிடும் என்றாலும் அவருக்குக் கணினிமேல் நம்பிக்கை இல்லை. தன்மேல் அதைவிட இல்லை. சட்டை அச்சடிக்கும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே அழைக்கிறார்கள்.

"எத்தனை தடவைங்க பார்ப்பீங்க? பார்க்கப் பார்க்க அது என்ன குட்டியா போடப் போகுது?" என்பார் முதலாளி.

"ஒரு தடவை பட்டது போதுங்க" என்பார் இவர். அதற்குமேல் சொல்ல மாட்டார்.

பட்டது இதுதான். முன்பு அவர் ஓர் அனிமே தொடருக்கு, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்கு, படம் வரைந்தவர். முக்கியமான நிலைகளைப் பெரிய கம்பெனியில் வரைந்து அனுப்புவார்கள்; ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நடு அசைவுகளையெல்லாம் இவர் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் வரைவார்கள். நாயகன் காலைச் சுழற்றி உதைக்கிற காட்சி இவர் பங்குக்கு வந்தது. எல்லாரையும்போல இவரும் மேசையில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். எழுந்து நின்று, நாயகனைப்போலவே இடது மணிக்கட்டில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, தோளை இறக்கி, மூச்சை இழுத்து, தானே உதைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வரைந்தார். கண்ணாடி இடத்தை வலமாகக் காட்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தோளின் கனத்தைப் பிடிக்கிற மும்முரத்தில் இவருக்கு அது மறந்துபோயிற்று. காலை வீசப்போகும் அந்த ஒரு கணத்தில் மட்டும் சிவப்புத் துணி நாயகனின் வலது கைக்குத் தாவியது. அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை, படம் ஒளிபரப்பாகிவிட்டது. பெரிய கம்பெனி கத்தியது. சின்னக் கம்பெனி இவரை வீட்டுக்கு அனுப்பியது.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு ஒரே பட்டம்தான். "அவருக்குக் கவனம் பத்தாது" என்று மனைவி யாரிடமும் கோபமில்லாமல், ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொல்வாள். அவர் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். அவர் அணைத்த அடுப்பைக் குனிந்து பார்ப்பாள். அவள் குனியும்போதெல்லாம் இவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அத்தனை வருஷத்தில் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: அந்த உதை நன்றாக இருந்தது என்று யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டும்.

மனைவியின் தம்பி புது விளையாட்டுகளை ஆடிப் பார்த்து வீடியோ போடுகிறவன். விடுமுறை நாள்களில் அக்கா வீட்டுப் பெரிய டிவிக்காக வந்துவிடுவான். போன மாதம் அவன் கொண்டுவந்தது அதே அனிமேயை வைத்துச் செய்த புதுச் சண்டை விளையாட்டு. மைக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆரம்பித்தான்.

"முதல்ல தோணுறத சொல்றேன். வேகம் அள்ளுது. ஒரே பட்டனத் தட்டிக்கிட்டே இருந்தா அடி மேல அடி தானா விழுது. ஆனா எல்லாரோட அடியும் ஒரே மாதிரி இருக்கு. தடுக்குறது ரொம்ப லேசு, அதனால சண்டை இழுத்துக்கிட்டே போகுது."

இவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்து முனகினார். "அந்தப் பொண்ணு குத்துறதுல தோளே அசையல, மாப்ள. பெட்டிக்குள்ள தபால் போடுற மாதிரி கை மட்டும் போயிட்டு வருது. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தனும் மூச்சு இழுக்க மாட்டேங்கிறான்."

"அத்தான், ரெக்கார்டு ஆகுது."

அப்போது நாயகன் வந்தான். தோள் இறங்கியது. சிவப்புத் துணி இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவியது. இவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் சிவப்பு நொடி" என்றான் மைத்துனன், குரல் ஏறி. "துணி வலது கைக்குப் போற அந்த நொடியில திரும்ப பட்டன அமுக்கணும். கரெக்டா அமுக்குனா எவன் தடுத்தாலும் உடைஞ்சிடும். செத்துப்போன அண்ணன் இவன் உடம்புக்குள்ள வர்ற நேரம் அது, வலது கை அண்ணனோட கை. தொடர்லயே அப்பவே இத ஒளிச்சு வச்சிருந்தாங்க. என்ன மூளை பாருங்க. இந்தச் சண்டை முறைக்கே உயிர் இதுதான்."

ஆனால் அவனுக்கு அந்த நொடி பிடிபடவில்லை. பத்துக்கு ஒன்று பட்டாலே பெரிது. அலுத்துப்போய்க் கட்டுப்பாட்டுக் கருவியை அத்தானிடம் நீட்டினான். இவர் இதற்குமுன் அதைக் கையில் பிடித்ததுகூட இல்லை. எதிராளி தடுத்தான், உடைந்தது. மறுபடி தடுத்தான், மறுபடி உடைந்தது. ஒன்றும் தப்பவில்லை.

"எப்படி அத்தான்?"

"தோள் எறங்கி நிக்கிற எடம் அது. நான்தானே எறக்குனேன். அது அண்ணனும் இல்ல, ஆவியும் இல்ல, மாப்ள. கண்ணாடியப் பார்த்து வரைஞ்சேன், கை மாறிடுச்சு. அதுக்குத்தான் என்னைய வேலைய விட்டு அனுப்புனாங்க."

மைத்துனன் சிரித்தான். அத்தான் ஜோக் அடித்ததாகவே நினைத்துவிட்டான். மனைவி சிரிக்கவில்லை. கதவோரம் நின்று கேட்டவள், அவர் சொல்வது நிஜம் என்று தெரிந்தவள், கிட்டே வந்து மெல்லச் சொன்னாள்: "வெளியில எங்கயும் சொல்லிடாதீங்க. இவ்வளவு பெருசா ஆனப்புறம் அது தப்புன்னு சொன்னா, கம்பெனிக்காரன் கேஸ் போடப் போறான்."

அவர் தலையாட்டினார். அவள் ஒருத்தியாவது வேறொரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீடியோ வந்தது. அவருடைய விரல்கள் பட்டனை அழுத்துவது திரையோரத்தில் தெரிந்தது, அவர் பேசியது இல்லை. அந்த இடத்தில் அதிரடி இசை ஓடியது. "உங்க குரல் இரைச்சலா விழுந்துருச்சு அத்தான், வெட்டிட்டேன். ஆனா உங்க கைக்குத்தான் எல்லாரும் லைக் போடுறாங்க" என்றான். கீழே வந்த கருத்துகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அந்தக் காட்சியை யோசித்தவன் மேதை என்று எழுதியிருந்தார்கள். மேதையின் பெயரென்று இயக்குநரின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

நேற்று மைத்துனன் கடைக்கே வந்துவிட்டான். தன் ரசிகர்களுக்குக் கொடுக்கச் சட்டைகள் வேண்டுமாம். கொண்டுவந்த படத்தில் அதே கணம், அதே தோள். அவர் போட்ட கோடுகளை யாரோ பளபளப்பாகத் திரும்ப வரைந்திருந்தார்கள்.

"துணி வலது கையில வரணும் அத்தான். பாத்து. மாத்திப் போட்டுட்டீங்கன்னா பசங்க என்னையக் கிழிச்சுருவானுங்க."

"கவலைய விடுங்க தம்பி, அவரு கண்ணாடி வச்சுப் பார்க்காம ஒண்ணையும் விட மாட்டாரு" என்றார் முதலாளி.

அச்சு இயந்திரம் தாளைத் தள்ளியது. அவர் அதன் ஓரங்களைக் கத்தரித்தார். சட்டையை விரித்துச் சுருக்கம் நீவினார். வழக்கம்போலக் கண்ணாடியைக் கையில் எடுத்தார். முதலாளியும் மைத்துனனும் பார்த்துக்கொண்டிருக்க, அதை மேசைமேல் முகம் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் இறக்கிய தோள்தானே என்று பார்க்காமலே தாளைத் துணியில் போட்டுச் சூட்டு மூடியை இறக்கினார்.