அக்காவுக்காக நின்ற சனி

என் கணவரின் அக்கா எங்களோடு வந்து தங்கத் தொடங்கியது ஒரு துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில். அதற்கு முந்தைய வருடம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு மட்டும் தளரவில்லை. பாலக்காட்டில் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல், மட்டாஞ்சேரியில் எங்கள் ஒடுங்கிய வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை தெளிவாகக் கேட்கும்.

மொட்டை மாடியில்தான் என் தொலைநோக்கி இருந்தது. ஜூ டவுனில் ஒரு மசாலா ஏற்றுமதி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பகலெல்லாம் குனிந்து மிளகைப் பார்ப்பவளுக்குச் சாயங்காலம் நிமிர்ந்து பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஒரு நல்ல குழாயும், அதைத் தாங்க ஒரு எளிய மர ஸ்டாண்டும். கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு சாயங்காலம் நானும் இவரும் மாடியில் சனிக் கிரகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சத்தமாகச் சொல்லியிருக்கிறோம். கீழேயிருந்து குரல் வந்தது.

“என்னடா அங்கே ரெண்டு பேரும் கூத்தடிக்கறேள்? எனக்கும் காட்டப்படாதா?”

அதுவரை எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. மறுநாளே குழாயையும் ஸ்டாண்டையும் தனித்தனியாகச் செங்குத்தான மரப்படிகளில் இறக்கி, வீட்டுக்குப் பின்னாலுள்ள சின்ன முற்றத்தில் நிறுத்தினோம். அக்காவைச் சக்கர நாற்காலியில் அருகே கொண்டுவந்தோம். நான் சனியைப் பிடித்து நடுவில் வைத்துவிட்டு விலகினேன்.

அக்கா கழுத்தை மெல்லச் சாய்த்து, இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை லென்ஸுக்கு நேராகக் கொண்டுவருவதற்குள் சனி நகர்ந்து போய்விட்டது. பூமி சுழன்றுகொண்டேயிருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும்போது கோள் சற்று நேரத்தில் ஓரத்துக்கு ஓடிவிடும். நான் மறுபடி பிடித்தேன். மறுபடி ஓடியது. கோளைப் பிடிக்க முதலில் நான் லென்ஸில் கண்ணை வைக்க வேண்டும், பிறகு விலகி அவருக்கு இடம் விட வேண்டும். அந்த இடமாற்றத்திலேயே அது போய்விடும்.

“ஊரெல்லாம் சனி பிடிச்சுட்டா விடமாட்டான்னு பயப்படறா. எனக்கானா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கறான்” என்று சிரித்தார் அக்கா. ஆனால் நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பித் திரும்பி வானத்தைப் பார்த்தார். அது எங்கள் இருவரையும் உறுத்தியது.

கணினி பொருத்திய மவுண்ட் ஒன்று வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். குழாயைத் தாங்கிக்கொண்டு, சொன்ன கோளைத் தானே தேடித் திரும்பி, பிறகு வானம் நகர நகரக் கூடவே நகர்ந்துகொண்டிருக்கும் இயந்திரம். அக்கா எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அது காத்திருக்கும்.

களமசேரியில் ஒருவர் தன்னுடைய மவுண்டை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை போனோம். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர்; மலையாளி, எங்களுக்காகத் தமிழில் பேச முயன்றார். துணியை விலக்கியதும் என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். இவருக்கு ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் தொழில். வெள்ளை வண்ணம் பூசிய அந்தக் கனத்த இயந்திரத்தையும், அதன் பித்தளைப் பல்சக்கரங்களையும், பின்னால் தொங்கிய எடைக்கட்டிகளையும் கோவில் தேரைப் பார்ப்பதுபோலச் சுற்றிவந்து பார்த்தார்.

“எந்தொரு வேலைப்பாடு!” என்றார் என்னிடம். “இதை வாங்கினா நம்ம ஆயுசுக்கும் மதி.”

மதி என்றால் போதும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்தப் பேராசிரியர்தான் கையைக் காட்டித் தடுத்தார்.

“ஒரு காரியம் சொல்லட்டே? இதோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்கணும். எல்லா தடவையும் அதைச் சரியாக்கணும். மட்டாஞ்சேரியில உங்க வீட்டுல வடக்கு தெரியுமோ?”

கொச்சியில் துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அந்த ஒரு முஷ்டி உயரம்தான். எங்கள் வீட்டுக்கு வடக்கே ஒரு பழைய மசாலா கிடங்கின் ஓட்டுக்கூரை. அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

இந்த வகை மவுண்ட்கள் வடக்கத்திய நாடுகளுக்காகவே செய்யப்படுபவை என்றார் அவர். நம் ஊருக்கு ஏற்ற அளவு தாழ்த்திச் சாய்த்தால் எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் இடிக்கும். அவரே ஒரு மரக்கட்டையைச் செதுக்கி முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். விற்பவர் தன் பொருளின் குறையைத் தானே வரிசையாகச் சொல்வதைக் கேட்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயா கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

திரும்பும் வழியெல்லாம் இவர் தோற்றுப்போக மறுத்தார்.

“மாடியிலே ஒரு கான்கிரீட் தூண் கட்டிடலாம். திசைகாட்டி வெச்சு ஒரு தடவை சரியா நிறுத்தினா பின்னே அசைக்கவே வேண்டாம்.”

“அசைக்கவே வேண்டாம்னா அக்கா எப்படிப் பார்ப்பா?”

“அக்காவைத் தூக்கிண்டு போயிடலாம். நானும் கடைப் பையன்களும் சேர்ந்தா ஆயிடும்.”

இந்தப் பேச்சு வீட்டுக்குள் நுழைந்த பிறகும் தொடர்ந்தது, அக்கா கேட்டுவிட்டார்.

“நான் என்ன மிளகு மூட்டையா, தூக்கி மேலே ஏத்த?” என்றார். “அந்தப் படியிலே என்னைக் கொண்டு போனா, நட்சத்திரத்தைப் பக்கத்திலேயே போய்ப் பார்த்துடுவேன்.”

தூண் விஷயம் அத்தோடு முடிந்தது. மவுண்ட்தான் அக்காவிடம் வர வேண்டும். ஒரே ஆள் ஒரு கையில் எடுத்து வரும்படியாகவும் இருக்க வேண்டும்.

தேவராவில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கப்பல் வடிவமைப்புப் பொறியாளர். வானம் பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கம். நான் விஷயத்தை எழுதியதும், அடுத்த சனிக்கிழமை ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முதுகில் ஒரு பை.

“அக்கா, மவுண்ட் எங்கேன்னு தேடாதீங்க. இந்தப் பைக்குள்ளதான் இருக்கு” என்றாள் என்னிடம்.

குழாயைப் பிடிக்க ஒற்றைக் கை மட்டும் உள்ள ஒரு சிறிய மவுண்ட். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும், அவ்வளவுதான். துருவ நட்சத்திரம் தேவையில்லை. சமதளமாக நிறுத்தி, தெரிந்த இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டிக்கொடுத்தால் மீதி வானத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஃபோனிலிருந்தே இயக்கலாம்.

“ஒரு வாரம் வச்சுப் பாருங்க. ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடுறேன், உங்க குழாய் இதுக்குக் கொஞ்சம் கனம். காத்தடிச்சா ஆடும், தொட்டாலும் ஆடும்” என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த ஏத்தங்காய் உப்பேரியை, நேந்திரங்காய் வறுவலை, இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு போனாள்.

முதல் நாள் பெரிய வேடிக்கை. முற்றத்தில் எல்லாவற்றையும் பூட்டி, ஃபோனில் சனி என்பதைத் தொட்டேன். மவுண்ட் உறுமிக்கொண்டு கம்பீரமாகத் திரும்பியது. குழாய் தெற்கே போயிற்று, பிறகு தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, கடைசியில் எங்கள் சமையலறை வாசலில் இருந்த கேஸ் சிலிண்டரைக் குறிவைத்து நின்று, கண்டுபிடித்துவிட்டேன் என்பதுபோல ஒரு பீப் சத்தம் எழுப்பியது.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கண்டியா, நம்ம வீட்டுச் சனி சமையல்கட்டிலேன்னா இருக்கு!”

இவர் மோட்டாரைச் சந்தேகித்து ஸ்க்ரூ டிரைவர் எடுக்கப் போனார். நான் அதற்குள் ஃபோனில் காரணத்தைத் தேடினேன். இருக்குமிடத்தை அறியும் அனுமதியை நான் கொடுக்கவே இல்லை. ஆகவே அந்த இயந்திரம் பூமியின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு நகரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் சனி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் காட்டியிருக்கிறது. கொச்சி என்று சொல்லிக்கொடுத்து, விட்டுப்போன இரண்டு நட்சத்திரங்களையும் காட்டினேன். இந்த முறை குழாய் நேராக உயர்ந்து தென்வானத்தில் போய் நின்றது. எட்டிப் பார்த்தேன். சனி நட்டநடுவில் இருந்தது.

ஆனால் அக்கா நெருங்கி வந்து லென்ஸைத் தொட்டதும் சனி தறிகெட்டு ஆடியது. அந்தப் பெண் சொன்னது சரிதான். அக்கா உடனே கையை எடுத்துவிட்டார்.

“நான் தொடப்படாது போல இருக்கு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கீழே குனிந்தேன். மவுண்டோடு வந்த ஸ்டாண்டின் கால்களைப் பார்த்தேன். பழக்கத்தில், நான் நின்று பார்க்கும் உயரத்துக்கு மூன்றையும் முழுவதுமாக நீட்டி வைத்திருந்தேன். அக்கா உட்கார்ந்துதானே பார்க்கப் போகிறார்? கால்களை முழுக்க உள்ளே தள்ளிக் குட்டையாக்கினேன். இவர் நடுவில் ஒரு பையைக் கட்டி, அதில் இரண்டு செங்கற்களைப் போட்டார். மறுபடி நட்சத்திரங்களைக் காட்டிக்கொடுத்தோம். குழாயைத் தட்டிப் பார்த்தேன். லேசாக நடுங்கி உடனே அடங்கிவிட்டது. லென்ஸ் இப்போது சரியாக அக்காவின் கண் உயரத்தில் இருந்தது. அதை அவர் பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

அக்கா அவசரப்படவில்லை. கழுத்தைச் சாய்த்தார். வலித்தது போலிருக்கிறது, நிமிர்ந்து மூச்சு வாங்கினார். மறுபடி சாய்ந்தார். மவுண்ட் கொசு ரீங்காரம்போல மெல்ல ஒலித்துக்கொண்டே நகர்ந்தது. நானும் இவரும் அசையாமல் நின்றோம்.

“அய்யோ” என்றார் அக்கா.

“தெரியறதா?”

“தெரியறதாவா? இங்கேதானே நிக்கறது!” பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா வளையம் எங்கேடீ? ஊசி குத்தின மணி மாதிரின்னா இருக்கு?”

அந்த வருடம் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்தது. கோடுபோல மெல்லிதாகத்தான் தெரியும். இத்தனை பாடுபட்டு அக்காவுக்குக் காட்டியது வளையம் ஒளிந்த சனி. நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையசைத்து நிறுத்தினார்.

“ஷரி ஷரி, அதெல்லாம் பின்னே சொல்லு. இப்போ என்னைப் பார்க்க விடு.”

பார்த்தார். நாங்கள் உள்ளே போய் இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்து எடுத்துவரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். சனி அவர் கண்ணைவிட்டு நகரவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி மதில் மேல் எட்டி என்னவென்று கேட்டு, தன் கணவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் பின்னால் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமினார்கள். அக்கா இடத்தை விடுவதாக இல்லை.

வாரம் முடிந்ததும் தேவராப் பெண்ணிடம் மவுண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வகையில் ஒன்று வாங்கினோம். இவர் பட்டறையில் கனமான இரும்புக் கால்களைத் தாழ்வாகச் செய்து பொருத்தினார். களமசேரியின் பல்சக்கரங்களைப் பற்றி எப்போதாவது பெருமூச்சு விடுவார், ஆனால் இந்தக் கால்களைப் பற்றி வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

போன வாரம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்குப் போனோம். மடக்கிய சக்கர நாற்காலியும் மவுண்டும் குழாயும் ஒரே ஆட்டோவின் பின்னால் அடங்கிவிட்டன. அம்புலி வளர்பிறையில் இருந்தது. ஃபோன் அக்காவின் மடியில். இடது கைக் கட்டைவிரலால் அவரே குழாயைத் திருப்பினார். நடக்க வந்தவர்கள் நின்றார்கள், ஒரு வரிசையே உண்டாயிற்று. ஆட்டோக்காரச் சேட்டன் சந்திரனின் குழிகளைப் பார்த்துவிட்டு “அடிபொளி!” என்று கத்தி, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். ஒரு ஆடு வந்து இரும்புக் காலில் முதுகைத் தேய்த்தது. சந்திரன் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

பிறகு கடலிலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடியது. கிளம்பலாமா என்று கேட்டேன்.

“இருடீ, கலைஞ்சுடும்” என்றார் அக்கா.

கலையவில்லை. சாயா வாங்கிக் குடித்தபடி, வெறும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.