ஓட்டத் தெரிந்தவள் ஜெயந்தி

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது, அடுத்தவர் பிள்ளை செய்யும் தப்புக்கெல்லாம் நம் நெஞ்சு அடித்துக்கொள்கிற வேலை. பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கைக் காலால் தேடியவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் நான் அந்த வேலை பார்த்தேன். டாக்ஸி வைத்திருந்த என் கணவர் முதுகுவலியில் படுத்தபோது வண்டியை நான் எடுத்தேன்; அப்படி வந்த தொழில். காலனிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு லேடி வேண்டும் என்று ஓனர் என்னைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் அம்பாசிடரில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அந்த வகையில் என் கஷ்டம் உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

கூட வந்தவள்

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பில்டிங் கான்ட்ராக்டர் தன் மகன் பிரபுவைக் கொண்டுவந்து சேர்த்தார். பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். கூடவே அவனுக்கு ஒரு வயசு மூத்த அக்கா ஜெயந்தியும் வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள், "நானும் கத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் யோசித்தார். சொல்லிக்கொடுப்பதும் ஒரு பெண் என்பதால் மறுக்க அவருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

"சரி மேடம், கத்துக்கட்டும். ஓட்டவா போறா?"

ஹாரன்

பிரபு பதினைந்து வயசிலிருந்தே அப்பா காரைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியவன். வினையே அதுதான். கண்ணாடி பார்க்கமாட்டான். பிரேக் போடவேண்டிய இடத்தில் ஹாரன் அடிப்பான். ஒரு நாள் பல்லாவரம் பக்கத்தில், கூடையோடு ரோட்டைக் கடந்த ஒரு அம்மா பயந்துபோய் நடுவிலேயே நின்றுவிட்டார். இவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. என் பிரேக்கில்தான் வண்டி நின்றது. "அவங்க நகர்ந்திருப்பாங்கக்கா, நீங்கதான் பயந்துட்டீங்க" என்று என்னிடமே கோபித்துக்கொண்டான்.

அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். பையனுக்குக் கை பழகிவிட்டது, கண் பழகவில்லை. இன்னும் ஒரு மாதம் வரட்டும், அதுவரை டெஸ்டுக்கு அனுப்பவேண்டாம் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"டெஸ்ட் எதுக்கு மேடம்? லைசன்ஸ் நேத்தே வந்துடுச்சே!"

ரயில்வே கேட்

ஜெயந்தி வேறு மாதிரி. ஆரம்பத்தில் அவள் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி குதித்து நின்றுவிடும். திட்டினால் அழமாட்டாள், "இன்னொரு தடவைக்கா" என்பாள். தினமும் கிளம்புமுன் வண்டியைச் சுற்றிவந்து டயரைப் பார்ப்பாள். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே, "அவர் திரும்பினாலும் திரும்புவாருக்கா" என்று காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோய்விடுவாள். அதற்குமேல் நான் என்ன கற்றுக்கொடுக்க?

ஒரு நாள் காலை குரோம்பேட்டையில் ரயில்வே கேட் திறந்த நேரம், ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் பஸ், லாரி, ஒரே ஹாரன் சத்தம். என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "வேண்டாங்க்கா, நானே எடுக்கறேன்" என்றாள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஸ்டார்ட் செய்து, பாதிக் கிளட்சில் வண்டி இழுக்கும்வரை காத்திருந்து, துளிகூடப் பின்னால் போகாமல் தண்டவாளத்தைத் தாண்டினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் எங்களை ஒட்டி வந்து தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, வூட்ல ஆம்பள யாரும் இல்லியா?"

ஊரப்பாக்கத்தில் நடந்தது

ஜெயந்தி டெஸ்டில் ஒழுங்காக ஓட்டிக்காட்டி லைசன்ஸ் வாங்கினாள். கொஞ்ச நாளில் அந்த விபத்து நடந்தது. அக்காவும் தம்பியும் செங்கல்பட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஊரப்பாக்கத்தில் பிரபு ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டான். ஏழுமலை என்று பெயர். மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளி. கால் முறிந்து கிடந்தார். பிரபு கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். ஜெயந்தி அங்கிருந்தவர்களைக் கூப்பிட்டு அவரைக் காரில் படுக்கவைத்து, தானே ஓட்டிவந்து தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அன்று சாயங்காலமே கான்ட்ராக்டர் என்னைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஜெயந்தி ஸ்டீயரிங்கை விட்டு இறங்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இடித்ததும் அவளாகவே இருக்கட்டும் என்றார். போலீஸ் கேட்டால், அவளுக்கு இன்னும் சரியாக ஓட்ட வராது என்று நான் சொன்னால் போதும். பையனுக்குப் படிப்பு இருக்கிறதாம். "நான் சொல்லமாட்டேன் சார். என்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல அவ மாதிரி ஓட்டறவங்க யாருமே இல்ல" என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் மேடம். பொண்ணு இடிச்சிட்டான்னா ஊர்ல யாராவது சந்தேகப்படுவாங்களா?"

கட்டிலிலிருந்து

மறுநாள் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எஸ்.ஐ. வந்து விசாரித்துக்கொண்டிருந்தார். ஜெயந்தி சுவரை ஒட்டி நின்றாள், பக்கத்தில் அப்பா. "யாரும்மா வண்டிய ஓட்டினது?" என்று எஸ்.ஐ. கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் சார்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், காலில் மாவுக்கட்டோடு ஏழுமலை கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"பொய் சொல்லுது சார் அந்தப் பொண்ணு. இட்ச்சவன் எறங்கி ஓடிட்டான், என்ன இட்டுகினு வந்து சேத்தது இதுதான்."

அப்புறம்

கேஸ் பிரபு மேல் போட்டார்கள். பிறகு யார் யாரோ பேசி, ஒன்றுமில்லாமல் முடித்துவிட்டார்கள். ஏழுமலைக்கு எலும்பு கூடியது. ஆனால் நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்க முடியாமல் வேலை போய்விட்டது. பிரபு மறுபடி கார் ஓட்டினான். ஜெயந்தி கைக்கு மட்டும் சாவி வரவேயில்லை. அந்த ஆளைக் காரில் ஏற்றியதுதான் அவள் செய்த தப்பாம்.

சில வருஷம் கழித்து, தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ்ஸுக்காக அவள் நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, தலைக்குமேல் வெயில். "கார் ஓட்டறியாம்மா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. சிரித்தாள்.

"வண்டியே வாங்கலக்கா. அவருக்கு ஓட்டத் தெரியாதே!"

ஆக, என்னிடம் நன்றாகக் கற்றுக்கொண்டவள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள், கற்றுக்கொள்ளாதவன் அந்த பஸ்ஸை முந்திக்கொண்டு போகிறான்.