மீசைக்காரனுக்கு இரண்டு கதை

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் படப் பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரின் மனைவி. இன்னொருவர் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, கையில் வெயிலோ மழையோ ஒரு குடை. நான் ஈப்போவை ஒட்டிய சிலிபினில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்த வேதக்காரப் பெண். படம் என்ற ஒன்று இல்லாமல் போயிருந்தால் நாங்கள் இருவரும் கொசுவைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசியிருக்க மாட்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. படங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. தோட்டம் ஜெலாப்பாங்கைத் தாண்டி உள்ளே இருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சிலிபினுக்குப் போவேன். அம்மாவைப் பார்ப்பதும் உண்மைதான். மாதா கோயில் பூசை முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு ஈப்போக் கொட்டகையில் பகலாட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். "எல்லாம் சாத்தானோட நெழலு" என்று சொல்லிக்கொண்டே அம்மா எனக்கு முன்னால் நடப்பாள். நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்துகொள்வாள்.

கிராணியார் ஆபீஸ் வேலையாக ஈப்போ போகும் நாளில் தனியாகப் பார்த்துவிட்டு வருவார். பிறகு சாயங்காலத்தில் எங்கள் வீட்டு வராந்தாவில் இருவரும் கணக்குத் தீர்ப்போம். என்ன படம், எப்படி, பார்க்கலாமா கூடாதா என்று பேச்சு நீளும். என் கணவர் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்தைப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் படம் ஆகாது. விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவார்.

கிராணியார் கதை சொன்னால் ரயிலும் துப்பாக்கியும்தான். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, அவன் குதிரையிலையிருந்து ஓடுற ரயிலுக்குப் பாஞ்சான். ஒரு கையாலை தொங்கிக்கொண்டு வாறான்."

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"எந்தப் பெட்டை?"

"படத்துல பொண்ணே இல்லையா?"

"இருந்தவள்தான். அவள் ஒரு பக்கத்திலை நிண்டு அழுதுகொண்டிருந்தவள். அதை விடுங்கோ."

நான் சொல்லும்போது அவருக்குப் பொறுக்காது. அழுகிற இடத்தையெல்லாம் நான் விரிவாகச் சொல்வேன். அவள் கைக்குட்டையை எப்படி மடித்தாள், எந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினாள் என்பது வரை வரும். ஒருமுறை அப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, "அப்புறம் ரயிலு கவுந்து போச்சு. அவ வீட்டுக்கு வந்தா" என்றேன். கிராணியார் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

"ரயில் கவிண்டதை இப்பிடியே சொல்லுறது? எந்தப் பெட்டி முதல்லை கவிண்டது?"

இரண்டு நாள் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் தோட்டத்துக்கே படம் வந்தது. ஊர் ஊராகப் பயாஸ்கோப்பு காட்டும் ஒருவர் மெஷினையும் வெள்ளைத் துணியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். துரை அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் படத்தின் கதையைச் சத்தமாகச் சொல்லும் ஆளுக்கு வழியிலேயே மலேரியாக் காய்ச்சல். அவனை எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தாயிற்று. போர்வைக்குள்ளிருந்து நடுங்கிக்கொண்டே, "நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்றான். அவன் அம்மாவின் பெயரைக்கூட அவனால் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

பயாஸ்கோப்புக்காரர் என்னிடம் வந்தார். "அம்மா, நீங்க இங்கிலீசு படிச்சவங்களாம். பொம்பளைங்க பக்கம் நீங்க சொல்லுங்க. ஆம்பளைங்க பக்கம் கிராணி ஐயாகிட்ட கேட்டுட்டேன். படத்தப் பாத்துச் சொல்லிக்கிட்டே போங்க, நிறுத்திடாதீங்க. நிறுத்துனா கல்லு வரும்."

எனக்கு உள்ளுக்குள் ஆசைதான். ஆனாலும் கணவரைப் பார்த்தேன். "போயேன், உனக்குப் பேசச் சொல்லியா கொடுக்கணும்?" என்றார் அவர்.

பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தத் திறந்த வெளியில், இரண்டு ரப்பர் மரங்களுக்கு இடையில் துணியைக் கட்டினார்கள். வெளிச்சம் மறுபக்கமும் தெரியவேண்டும் என்று துணி முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். மெஷின் இருந்த பக்கம் ஆண்கள் உட்கார்ந்தார்கள். துணிக்குப் பின்பக்கம் பெண்களும் குழந்தைகளும். இருட்டியதும் படம் ஓடத் தொடங்கியது.

ஆற்றங்கரையில் ஒரு மாவு மில். வெள்ளைக்காரி ஒருத்தியும் சின்னப் பையனும் அங்கே குடியிருக்கிறார்கள். குதிரையில் வரும் ஒரு வாலிபன் மூட்டை இறக்கிவிட்டுப் போகிறான். அதன் பிறகு படகிலிருந்து பெரிய மீசை வைத்த ஒருவன் பையோடு இறங்கி, அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் கதவைத் திறந்து, அவனைக் கண்டு அப்படியே சுவரில் சாய்கிறாள். அவர்கள் பேசுவதைக் காட்டும் எழுத்து துணியில் வந்தது.

பின்பக்கமிருந்து பார்ப்பதால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் கிராணியாரின் குரல் கோயில் மணி மாதிரி தெளிவாகக் கேட்டது. அவர் நேராக நின்று வாசிக்கிறார், நான்தான் படித்ததை மறந்துவிட்டேன் என்று எனக்கு வியர்த்துவிட்டது. பெண்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரும்மா அவன்?" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். வெற்றிலை வாயும் பெரிய குரலும் அவளுக்கு. கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "அவ புருஷன். புள்ள கைக்குழந்தையா இருக்கையில வுட்டுட்டு ஓடிப் போனவன். இப்பத்தான் திரும்பி வந்திருக்கான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கதை சொன்னேனா, அவர்கள் சொன்னார்களா என்று தெரியவில்லை. மீசைக்காரன் நாற்காலியில் உட்கார்ந்தால் "ஒக்காருது பாரு மொதலாளி கணக்கா" என்றார்கள். பையன் தலையைத் தடவினால் "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிச்சா?" என்றார்கள். அவன் மீசையைத் துடைத்தபோது அக்கா துப்பிய வெற்றிலைச் சாறு துணியின் ஓரத்தில் பட்டது.

விசித்திரம் என்னவென்றால், அவன் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் ஆண்கள் கை தட்டினார்கள். ஆற்றில் அவனும் குதிரைக்கார வாலிபனும் கட்டிப் புரண்டபோது அங்கே ஒரே விசில். இங்கே "அவன அமுக்கு, தண்ணிக்குள்ள அமுக்கு" என்று வாலிபனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் வந்து பையனை இழுத்துக்கொண்டு போனது. மீசைக்காரன் குதித்து அவனைத் தூக்கி வந்தான். பெண்கள் கொஞ்சம் அடங்கினார்கள். கடைசியில் அவன் பையை எடுத்துக்கொண்டு படகேறினான். அவள் கரையில் நின்றாள். எழுத்து வந்து போனது.

"புள்ளயக் காப்பாத்துனதுக்குக் கும்பிடுறேன், ஆனா இந்த வீட்டுல ஒனக்கு எடம் இல்லன்னு சொல்லிட்டா" என்று முடித்தேன்.

மறுநாள் விடியற்காலை பெரட்டில் ஆட்கள் நின்றார்கள், வேலை நகரவில்லை. கொய்னாத் தண்ணீர் கொடுக்கப் போன என் கணவர் திரும்பி வந்து, "என்னத்த சொல்லித் தொலைச்ச? அங்க புருஷன் பொண்டாட்டிக்கெல்லாம் சண்டை" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். எதிரில் அவள் புருஷன்.

"துப்பறியிற போலீசுக்காரனப் போயி ஓடிப்போன புருஷன்ங்கிறா. இவளுக்குக் கண்ணு இல்லையா?"

"ஆமா, ஒனக்குத்தான் கண்ணு. மீசையப் பாத்ததும் போலீசுன்னுட்ட."

"அந்தக் குதிரைக்காரன் திருடன். அவ திருடனோட கூட்டு. கிராணி ஐயா படிச்சுச் சொன்னாரு."

"டிரசரம்மா மட்டும் படிக்காமலா சொல்லிச்சு?"

அவர்கள் இருவர் மட்டுமல்ல. வரிசை முழுக்க அதே பேச்சு. பலருக்குக் காலைக் காப்பி கிடைத்திருக்கவில்லை. கடைசியில் கங்காணி என் கணவரைக் கைகாட்டினார். வயசானவர், நிதானமான மனிதர். "டிரசர் ஐயா பொய் சொல்ல மாட்டாரு. அவரு சொல்லட்டும். அந்த மீசைக்காரன் யாரு?"

என் கணவர் பாதிப் படம் தூங்கியவர். கொஞ்சம் யோசித்தார். "எனக்கு என்னமோ அவனுக்கு வயித்துக் கடுப்பு மாதிரி பட்டுச்சு. நடையிலயே தெரிஞ்சுது" என்றார்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு இரு கட்சியும் சிரித்துவிட்டன. அதன் பிறகுதான் பால் வாளியை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் போனார்கள்.

அன்று மத்தியானம் கிராணியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மெல்லக் கேட்டார்.

"தங்கச்சி, உங்களுக்கு அந்த எழுத்து விளங்கினதோ?"

"எங்கண்ணே, எனக்கு எல்லாம் திரும்பியில்ல தெரிஞ்சுது. அதான் வாசிக்க முடியல."

"நேரா நிண்டு பாத்த எனக்கே விளங்கேல்லை. அது இங்கிலீசே இல்லை. ஒல்லாந்து பாஷை. ஒல்லாந்தர் ஆளுற சுமத்திராவிலை, மேடானிலையிருந்து எடுத்துவந்த படமாம். இப்பத்தான் அந்த மனுசன் சொல்லுறான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கும்தான். "எங்கடை ஊரை ஒல்லாந்தர் எத்தினை காலம் ஆண்டவங்கள். அப்பவே ஒரு சொல்லெண்டாலும் படிச்சு வைச்சிருக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கதை சொல்லி போர்வையை விலக்கி, "நானும் அப்படித்தாங்க, சும்மா அடிச்சு வுடுறது" என்றான். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது.

பயாஸ்கோப்புக்காரருக்கு இந்தச் சண்டை அதிர்ஷ்டமாகப் போயிற்று. அன்று சாயங்காலமும் அதே படம் என்று அறிவித்துவிட்டார். நான் என் இடத்துக்குப் போனால் பின்பக்கம் பூரா ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களெல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்கள். அந்தப் போலீஸ் கதை என்னதான் என்று பார்த்துவிடுவது அவர்கள் முடிவு.

கிராணியார் பாடுதான் பாவம். மீசைக்காரன் வந்து நின்றதும் அக்காவின் குரல் துணியைத் தாண்டிக் கேட்டது. "ஐயா, இவன் போலீசுன்னா, அந்தப் புள்ளைக்கு எப்புடி இவன் மூக்கு?"

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்டது.

"அது, அவன் இவனுக்கு மருமகன் முறை" என்றார் கிராணியார்.

"அப்ப அவ இவனுக்குத் தங்கச்சியா? தங்கச்சியவா திருடின்னு புடிக்க வந்தான்?"

அதற்குப் பிறகு அவருடைய கதை எந்தப் பக்கம் போனது என்று அவருக்கே தெரியவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழுதன.

என் பக்கம் அமைதியாக இருந்தது. கை தட்டல் இல்லை, விசில் இல்லை. ஓடிப்போன புருஷன் கதையை ஆண்களிடம் சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் மாற்றாமல் அதே கதையைச் சொன்னேன். மீசைக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு படகேறினான். எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள். கங்காணி மட்டும் உட்கார்ந்திருந்தார். அவர் ஊரில் பெண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மா, புள்ளயத்தான் காப்பாத்துனானே. சேத்துக்கிட்டா என்ன?" என்றார்.

"தெரியலண்ணே."

"என்ன சொல்லியிருந்தா அவ சேத்திருப்பா?"

அது வேறு பாஷைப் படம், கதை முழுக்க என் கற்பனை என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்ட விதத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அவன்தான் கடைசி வரைக்கும் வாயே தொறக்கலையேண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

மழைக்காலம் முடிந்து கங்காணி ஊருக்குக் கப்பலேறினார். திரும்ப மாட்டார் என்று சிலர் சொன்னார்கள். வந்தார், மனைவியோடும் கல்யாண வயதிலிருந்த மகளோடும். அவர் என்ன பேசினார், அந்த அம்மாள் என்ன கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. ஒல்லியான, கறாரான பெண்மணி. வந்த முதல் மாதம் அவரோடு அவள் பேசியதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் சட்டை மட்டும் வெளுப்பாகிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் என்னோடு ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். அவள் பார்த்த முதல் படம் அது. அம்மா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் நான். இந்த முறை எழுத்து நல்ல இங்கிலீஷ். உதவி செய்யலாமே என்று அவள் காதருகில் குனிந்து, "இவன் இருக்கானே, இவன்" என்று தொடங்கினேன்.

"இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

படம் முடியும் வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. வண்டியில் திரும்பியதும் அவளும் எங்கள் வீட்டுக்கே வந்தாள். சாயங்காலம் வராந்தாவில் கிராணியார் வழக்கம்போல் குடையோடு வந்து, என்ன படம், எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். அழுத இடத்தையும் விடவில்லை, வண்டி கவிழ்ந்த இடத்தையும் விடவில்லை. எந்தச் சக்கரம் முதலில் கழன்றது என்பது உட்பட எல்லாம் வந்தது. கிராணியார் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான் உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கலந்தேன்.