கலெக்டர் பங்களாவில் பால் காய்ச்ச ஒரு மூலை

கைடு தொழிலில் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவது நாம். கடைசியில் கூட்டம் கேட்பது பாத்ரூம் எங்கே என்று. இதே பிழைப்பில் கிடந்து அல்லாடுகிறவர்களுக்கு இது தெரியாததில்லை. மதுரையில் கோயில், மஹால் என்று சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, மாசத்தில் ஒரு ஞாயிறு கலெக்டர் பங்களாவைச் சுற்றிக்காட்டுகிற வேலையும் வந்து சேர்ந்தது. முன் வராந்தா, விருந்து ஹால், பின்னால் தனியாக நிற்கிற பழைய அடுப்படி, இம்புட்டுதான் காட்டலாம். குடும்பம் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கூரைக் கொக்கி

விருந்து ஹாலின் உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன. வெள்ளைக்காரத் துரை சாப்பிடும்போது துணி விசிறி அதில்தான் தொங்கும். கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகும். வராந்தாவில் ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். உள்ளே துரைக்குக் காத்து, வெளியே இவருக்கு வேர்வை. இந்த இடத்தில் குரலை இறக்கிச் சொல்வது என் வழக்கம். ஆனையூரிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். மனுஷன் உருகிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. இம்புட்டு ரூமுக்கும் கரண்ட் பில்லு யாரு கட்டுறா?" என்றார்.

அம்சமான அடுப்படி

விளாங்குடி சரோஜா அம்மா முதலில் வந்தது அதற்கு அடுத்த மாசம். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்காரருக்கு ஜவுளி வியாபாரம். என்னிடம் பேசிய முதல் வார்த்தையே, மகள் கலெக்டர் பரீட்சை எழுதியிருக்கிறாள், இதுதான் கடைசி வாய்ப்பு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறோம் என்பதுதான். கொக்கியையும் பார்க்கவில்லை, துரையைப் பற்றியும் கேட்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், எந்தத் திசை பார்த்திருக்கிறது, எந்த மூலையில் பால் காய்ச்சலாம் என்று நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினார். கிழக்கு வெளிச்சம் நன்றாக விழுகிறது, புகை போகவும் வழி இருக்கிறது, அம்சமான அடுப்படி என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார். எனக்கு இது விசித்திரமாகப் படவில்லை. ஒண்டுக் குடித்தன வீடானாலும் பால் காய்ச்சாமல் நம் ஊரில் யார் குடி போகிறோம்?

புதுக் கலெக்டர் வந்தால் இங்கே பால் காய்ச்சுவார்களா என்று சமையற்காரர் முருகேசனைக் கேட்டார். முருகேசன் பரவைக்காரர், பல கலெக்டர்களுக்குச் சோறு போட்டவர்.

"காய்ச்சுறது எல்லாருந்தான் காய்ச்சுறாங்கம்மா. அந்தப் பாத்திரத்துக் கரி போறதுக்குள்ள டிரான்ஸ்பர் வந்துருது," என்றார்.

பலகையில் மிச்ச இடம்

அடுத்த தடவை சரோஜா அம்மா ஒரு வேன் நிறையச் சொந்தபந்தத்தைக் கூட்டி வந்தார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருந்த கலெக்டர்களின் பேரை எல்லாம் வராந்தாவில் ஒரு மரப்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். அடியில் கொஞ்சம் இடம் காலி. அந்த இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டார் சரோஜா அம்மா. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சொந்த மாவட்டத்தில் கலெக்டராகப் போடுகிற வழக்கமே இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன்.

மகள் கீதாவும் வந்திருந்தாள். ஆனால் கேட்டுப் பக்கம் வேப்ப மர நிழலில் நின்றாளே தவிர, எம்புட்டுக் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. சொந்தக்காரர்கள் அவர்கள் பாஷையில் என்னவோ பேசிச் சிரித்தார்கள். சரோஜா அம்மாவின் கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

"எங்காளுகளுக்குப் பேரோட குடும்பத்து வீட்டுப் பேரையும் சேத்துல்ல எழுதணும். பலகைய இப்பவே கொஞ்சம் நீட்டி வைக்கச் சொல்லுங்கண்ணே," என்றார்.

ஒரு போன்

பங்களா பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டியே என் நம்பருக்குக் கூப்பிட்டுப் பேர் கொடுக்க வேண்டும். வேனில் வந்து போனதற்கு அடுத்த மாசம் பேர் கொடுத்தவர்களில் சரோஜா அம்மாவும் உண்டு. இரண்டு நாள் கழித்துக் கீதா கூப்பிட்டாள். ரிசல்ட் வந்துவிட்டதாம். அவள் பேர் இல்லையாம். குரலில் அழுகையெல்லாம் இல்லை. வீட்டில் சொன்னபோது அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லையாம்; சாப்பிட வா என்று மட்டும் சொன்னாராம். அதைத்தான் தாங்க முடியவில்லை, அன்றிலிருந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை என்றாள். பாவமாக இருந்தது.

"அம்மா ஞாயித்துக்கெழமை வருவாங்கண்ணே. பங்களா காட்டுறத நிப்பாட்டிட்டாங்கன்னு சொல்லி அனுப்பிருங்க," என்றாள்.

நமக்கு வேணாம்

சரோஜா அம்மா வந்தார், இந்தத் தடவை தனியாக. கேட்டிலேயே மறித்து, பார்க்கிறதை நிப்பாட்டிட்டாங்கம்மா என்றேன். எனக்குப் பின்னால் வராந்தாவில் ஒரு கூட்டமே நின்று பலகையை வாசித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கைடாக இருந்தும் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை எனக்கு. அவர் கோபப்படவில்லை. கீதா பேசினாளா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வீட்டில் வாயே திறக்காத பிள்ளை உங்களிடமாவது பேசினாளே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைத் தாண்டிப் பின்பக்கம் போனார். அந்த அடுப்படியில் காலை வெயில் தரை முழுக்க விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனப்பா. நீங்களே ஒரு போன் போட்டுருங்க தம்பி. அடுப்படி ஒரே இருட்டா கெடக்கு, பால் காய்ச்சத் தோதுப்படாது, நமக்கு இந்த வீடு வேணாம்னு உங்கம்மா சொல்லிட்டுப் போறாங்கன்னு சொல்லுங்க," என்றார்.

அப்படியே போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பங்களாவைப் பற்றி இதுவரை நான் சொன்னதிலேயே, குறுக்குக் கேள்வி கேட்காமல் ஒருத்தர் கடைசிவரை கேட்டுக்கொண்டது அந்த ஒரு பொய்யைத்தான்.