சின்னக் கணவாயின் வேஷம்

கணவாய் மீன் சோடி சேரும் காலத்தில் குருநகர்க் கரையோரக் கடல் தெளிந்து கிடக்கும். அப்படி ஒரு காலையில் அப்பா வள்ளத்தை நிறுத்தி, சத்தம் போடாதே என்று சைகை காட்டி, என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போகாத நாள் என்பதால் நல்ல நாளாகவே தொடங்கியிருந்தது.

கீழே கடற்புல்லுக்கு மேல் ஒரு பெண் கணவாய் அசையாமல் நின்றது. அதை மறித்துக்கொண்டு, உடம்பெல்லாம் வரி பளிச்சிட, பெரிய ஆண் ஒன்று. அதோடு மல்லுக்கு வந்த இன்னொரு பெரிய ஆண். இரண்டும் கைகளை விரித்துத் தள்ளுப்பட்டுக்கொண்டிருக்க, சின்னது ஒன்று மெல்ல வந்தது. அதில் வரி இல்லை. பெண்ணைப் போலவே மங்கலான புள்ளிகள். பெண்ணைப் போலவே கைகளை மடக்கி வைத்திருந்தது. பெரியவை இரண்டும் அதைக் கண்டும் கணக்கெடுக்கவில்லை. அது நேரே பெண்ணிடம் போய் முகத்தோடு முகம் சேர்த்தது.

“உவன் கள்ளனைப் பாரடா! பொம்பிளை வேஷம் போட்டெல்லே பூந்திட்டான்,” என்று அப்பா வள்ளம் ஆடச் சிரித்தார். “உந்தப் பெரிய மொக்கன் அவள் முட்டை போடுமட்டும் தன்ரை பிள்ளையள் எண்டு காவல் நிப்பான்.”

கரையில் காண்பவருக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் காவல் இருந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தார். அவரைப் பெண் கேட்டு இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் இரண்டு றோலர் படகு வைத்திருந்த முதலாளி. மற்றவர் எங்கள் தெருவில் இயந்திரம் திருத்துகிறவர். கோயில் பெருநாளன்று இருவரும் சட்டை கிழிய அடிபட்டார்கள். அப்பா சித்தியைத் தனியே சந்தைக்கும் விடவில்லை.

கிழிந்த வலை பொத்துகிறவர் மட்டும் தாராளமாக வந்து போனார். மெலிந்தவர், குரலும் மெல்லியது. முற்றத்தில் சித்தியோடும் அயல் பெண்களோடும் இருந்து, வலைக்கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைப்பார். வலக்காலில் அவருக்கு இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. நான் தொட்டுப் பார்த்தால் சிரிப்பார்.

“அவனாலை பயமில்லை. பொம்பிளையளோடை பொம்பிளையாய்க் கிடக்கிறவன்,” என்பார் அப்பா, அவருக்குக் கேட்கவே. சித்தி தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடிப்பார்.

முதலாளிக்கே சித்தியைக் கட்டிக்கொடுத்தார்கள். சித்தியை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே வலை பொத்துகிறவர் எங்கேயோ போய்விட்டார். அவரையும் ஒருவரும் தேடவில்லை. வேறொருவர் வந்து பொத்தினார்.

பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே சித்தி அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்றார். முதலாளி வீட்டை விட்டுக் கலைத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் துணியை விலக்கினேன். சின்ன வலக்காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. முதலாளியின் வலைகளையும் கலியாணம் வரை அதே மாதிரிக் கால் ஒன்றுதான் இழுத்துப் பிடித்திருந்தது.

அப்பா சிரிக்கவில்லை. “அவன் உன்னை என்ன சொல்லி ஏமாத்தினவன்? சொல்லடி, அந்த நாயைத் தேடிப் பிடிக்கிறன்.”

“ஒருத்தரும் ஏமாத்தேல்லை, அத்தான். நான்தான் கூப்பிட்டனான்.”

ஏமாந்துவிட்டேன் என்று அழுதிருந்தால் உள்ளே விட்டிருப்பார். அப்பா படலையைச் சாத்திக் கொளுவினார். அம்மா குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சித்தி கடற்கரைக் கொட்டிலில் இறால் உரித்துப் பிள்ளையை வளர்த்தார். அவருடைய விரல்கள் எப்போதும் வெடித்திருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு மன்னார், கற்பிட்டி, திருகோணமலை என்று கண்ட கரையெல்லாம் கூலிக்கு அலைந்தேன். கணவாய் சோடி சேருவதைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெண் பெரிய ஆணையும் உதறித் தள்ளும். தனக்கு வேண்டியதை மட்டும் கிட்ட விடும். ஒரு தாயின் முட்டைக் குலையிலேயே பல தகப்பன்மாரின் குஞ்சுகள் இருக்கும் என்றும், ஒன்றைப் போல் ஒன்று இல்லாததால்தான் அந்த இனம் தப்பிப் பிழைக்கிறது என்றும் கடலை ஆராய வந்த பெண் ஒருவர் சொன்னார்.

படலையடியில் நின்ற அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. சித்தி ஏன் இப்படிப் பொய் சொல்லி அடைபட்ட படலைக்கு வெளியே நிற்கிறார் என்றுதான் யோசித்தேன். வள்ளத்தில் இருந்து என் கண்ணாலேயே பார்த்தேனே. பெண் கணவாய் சும்மாதான் நின்றது. அது ஒருவரையும் கூப்பிடவில்லை.