செங்கல் நிறத்தில் வந்த பதில்

எங்களுக்கு இரண்டு குழந்தைகள் உயிரற்றே பிறந்தன. இரண்டும் ஒன்பது பவுண்டுக்கு மேல். "ராஜா மாதிரி பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே தென்காசி உறவினர் அடக்கத்துக்கு வந்தார்கள். அதன்பின் நான் ஜெபிப்பதை நிறுத்தினேன். என் மனைவி கிரேஸ் நிறுத்தவில்லை.

1957-இல் மூன்றாம் முறை கருவுற்றாள். ஆடி மாதம், குற்றாலச் சாரல் எங்கள் ஜன்னல்வரை அடித்த ஒரு காலையில், அவளருகே முழங்காலிட்டேன். பிள்ளையைக் கேட்கத் துணிவில்லை. "காரணத்தையாவது காட்டும், ஆண்டவரே" என்றேன்.

எழுந்ததும் கிரேஸ் சொன்னாள்: "குளிக்கிற அறையில மறுபடியும் எறும்பு மொய்க்கு. போன ரெண்டு பிள்ளைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

நான் வேதியியல் ஆசிரியன். சிறுநீரில் சர்க்கரையைக் கண்டறியும் சோதனையை ஆண்டுதோறும் மாணவருக்குச் செய்து காட்டியவன். வீட்டு எறும்புக்கோ சுண்ணாம்புப் பொடி தூவியிருந்தேன். அன்று பள்ளி ஆய்வகத்தில், அவளது சிறுநீருடன் கொதித்த நீலக் கரைசல் செங்கல் நிறமாயிற்று: சர்க்கரை. என் ஜெபத்துக்குப் பதில் சோதனைக் குழாயில் நின்றது.

கர்ப்பகாலத்தில் தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை பிள்ளையையும் பருக்கவைக்கும், பருத்த பிள்ளை பலமான பிள்ளையல்ல என்று விளக்கிய மருத்துவர் அம்மாள், "பையன்களுக்கெல்லாம் காட்டுன நீங்க வீட்ல ஒருநாள் பாக்கலையா சார்?" என்றார்.

இன்சுலின் ஊசி போடக் கற்றேன். கிரேஸின் பாடு அதைவிடக் கடினம். கர்ப்பிணி இனிப்பை மறுப்பது எங்கள் பக்கம் அவமதிப்பு. ஏழாம் மாதம் என் தமக்கை முந்திரிக்கொத்துடன் வந்தாள்.

"ஏட்டி, ரெண்டு உசிருக்குத் திங்கணும்லா? வாத்தியார் பொண்டாட்டின்னு பவுசு காட்டுதியோ?"

"மதினி, வயித்துல இருக்கது உங்க தம்பி குணத்தைக் கொண்டிருக்கு. இனிப்பா ஒரு வார்த்தைகூட ஆகாது."

தமக்கை சிரித்துவிட்டாள். தட்டு அப்படியே திரும்பியது. நான் பெற்ற பட்டங்கள் அந்தத் தட்டுக்கு ஈடாகா.

கார்த்திகையில், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பாக, மருத்துவமனையில் எங்கள் மகள் அழுதாள். "ஒல்லிக்குச்சியால்லா இருக்கா" என்றாள் தமக்கை. நான் ஸ்தோத்திரம் செய்தேன்.

பேற்றுக்குப்பின் விலகிய நோய் ஆண்டுகள் கழித்துத் திரும்பியது. சென்ற மாதம் கிரேஸைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

காரணமறியாமல் பிள்ளையை இழந்தவர்களே, நம்பிக்கையோடு கேளுங்கள். எழுந்ததும் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள். இரண்டும் ஜெபமே.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. கிரேஸ் சொன்னதில் ஒன்றுதான் பொய்த்தது: பிள்ளை என் குணத்தைக் கொண்டிருக்கவில்லை. இனிமையாகப் பேசுகிறாள்.