பித்தப்பைக் கல்லும் நோய் விசாரிக்க வந்தவர்களும்

பச்சை அங்கியை உடுத்தி, தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து, புறங்கையில் ஊசி ஏற்றிப் படுக்க வைத்த பிறகுதான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று காலை விரலில் குத்திப் பார்த்தபோது சீனி முந்நூறைத் தாண்டி நின்றது. மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் ஓர் இளம் பெண், சிங்களப் பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழைத் தேடியெடுத்துப் பேசினார்.

"அம்மா, இந்த சுகரோட நான் மயக்கம் குடுக்க ஏலாது. வெட்டினா புண் ஆறாது. வீட்ட போய் கொறைச்சிட்டு வாங்க."

என் பித்தப்பையில் கற்கள் இருந்தன. வலி வந்தால் விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவது போலிருக்கும். எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கும் நாளைப் பயந்து பயந்து எண்ணி, கடைசியில் அந்த நாளும் வந்து, அங்கியும் உடுத்திய பிறகு, கழற்று என்றால் எப்படி இருக்கும்? அழவில்லை. அவமானமாக இருந்தது. பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள் போல என் செருப்பைத் தேடினேன்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் எழுந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"அல்லாஹ் தடுத்திட்டான் பாத்தியா? இதுல ஏதோ ஒரு ஹைர், ஒரு நல்லது இரிக்கி."

அவர் நெல் வியாபாரி. நற்பிட்டிமுனைப் பக்கத்து வயற்காரர்களோடு விலை பேசும்போது அவருடைய குரல் மூன்று வளவுக்குக் கேட்கும். அந்த மனிதர், தாதி என் கையில் ஊசி ஏற்றும்போது சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புச் சுவரொட்டியை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒப்பரேஷன் நின்றுபோனதில் என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி. அதை அல்லாஹ்வின் பெயரில் எழுதிவிட்டார்.

சீனி ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டில் நான் பிசகவில்லை. அந்த டொக்டரிடம் அதைச் சொன்னபோது, "பயந்தாலும் ஏறும் அம்மா. நித்திரை இல்லாட்டியும் ஏறும்" என்றார். இன்சுலின் எழுதித் தந்து, போட்டுக்கொள்ளும் விதத்தையும் தாதி ஒருவரைக் கொண்டு காட்டச் செய்தார். ஒப்பரேஷனுக்குப் புதுத் தவணை நாள் பிறகு தருவார்களாம்.

நான் எங்கள் ஊரில் உப தபாலதிபராக இருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஊரைப் பார்த்தவளுக்கு ஊர்மேல் பெரிய மரியாதை இருக்காது. ஒரு விண்ணப்பத்தை நேராக நிரப்பத் தெரியாதவர்கள் உலக விவகாரம் பேசுவதை நாள்தோறும் கேட்கிறவள் நான். ஆனால் தபால் கந்தோரில் இடையில் கண்ணாடி இருக்கும். வீட்டில் அது இல்லை.

நோயாளியை விசாரிப்பது நன்மையான காரியம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த நன்மையை அள்ளும் விதம் வேறு. நான் வீடு திரும்பியதும் முதலில் வந்தவர் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கதிரையில் சாய்ந்து, தேநீரை ஊதிக்கொண்டு, தனக்குத் தெரிந்த மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"மயக்கத்துல போற சில பேர் மறுகா முழிக்கிறல்ல. என்ட மச்சினன்ட கூட்டாளி ஒராள், சின்ன ஹேர்னியா ஒப்பரேசன்தான். போனவர் போனவர்தான். எல்லாம் நஸீபு, தலையெழுத்து. நீங்க யோசிக்காதீங்க."

யோசிக்காதே என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை மையித்துகளை என் வரவேற்பறையில் கிடத்திவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது என் கணவரின் பெரியம்மா மகள். கையில் இனிப்பு வட்டிலப்பம். நான் வேண்டாம் என்றதும் முகம் சுருங்கியது.

"இதுல சீனியே போடல்லகா. கருப்பட்டி மட்டும்தான்."

பள்ளிக்கூடம் போன பெண்தான் அவளும். கருப்பட்டி சீனிக்கு எதிரி என்று எந்த வகுப்பில் படித்தாளோ தெரியாது. ஒரு துண்டு தின்னாவிட்டால் தன்னை மதிக்கவில்லை என்று அர்த்தமாம். தின்று நான் மௌத்தானால் வந்து யாசீன் ஓதுவாள். அதற்கும் வட்டிலப்பம் கொண்டு வருவாள்.

அவர்கள் போன பிறகு விரலில் குத்திப் பார்ப்பேன். ஒரு துண்டும் தின்னாமல் எண் ஏறி நிற்கும்.

அவர்களை மட்டும் இளக்காரம் செய்தால் நியாயமில்லை. அந்த நாட்களில் என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை. பகல் வேளையில், தொழுது முடித்த பாயிலேயே இருந்துகொண்டு, அதிபர் சொன்ன அந்த ஹேர்னியாக்காரரை நினைப்பேன். முகம் தெரியாத அந்த மனிதர் கண்ணை மூடுவதும், திறக்காமலே போவதும் திரும்பத் திரும்ப வரும். கறி தாளிக்கப் போய் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று நிற்பேன். இத்தனை பேரைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதட்டியவள், தேநீர் ஊதும் ஒரு கிழவன் சொன்ன கதைக்கு நடுங்குகிறாளே என்று என்மேலேயே அருவருப்பாக இருக்கும். நடுக்கம் மட்டும் நிற்காது.

இந்த நேரத்தில்தான் என் கணவர் ஒரு நாட்டு வைத்தியரைக் கண்டுபிடித்தார். சவளக்கடைக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறாராம். கல்லைக் கரைப்பாராம், சீனியை வேரோடு பிடுங்குவாராம். "ஒருக்கா போய் பாப்பமே" என்று நாலு நாள் நச்சரித்தார். ஐந்தாம் நாள் முச்சக்கர வண்டியில் ஏறினேன். அவருக்காகப் போகவில்லை. கத்தி இல்லாமல் தப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்க எனக்கும் ஆசையாக இருந்தது.

வைத்தியர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். முன்னால் மேசை நிறையப் போத்தல்கள். என் ஸ்கான் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கல் இளங்கல்தான். நாப்பது நாள் கசாயம் குடிச்சா கரைஞ்சி மூத்திரத்தோட போயிடும். அந்த ஊசிய உடனே நிப்பாட்டுங்க. உடம்ப வெட்டுறது பாவம்."

பித்தப்பைக் கல் மூத்திரத்தோடு போகாது என்பது எனக்கே தெரியும். ஆனால் அப்போது என் கண் வேறொன்றில் இருந்தது. அந்த மனிதர் கண்களைப் பக்கவாட்டிலும் மூடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, அதே கண்ணாடி.

"கண்ணுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"வெள்ளை படர்ந்திருந்திச்சி. போன கிழமதான் எடுத்த."

"கசாயத்துல கரையல்லயா?"

என் கணவர் காலால் என் காலைத் தட்டினார். வைத்தியர் கொஞ்சமும் அசையவில்லை. "கண் வேற, வயிறு வேற" என்றார்.

வரும் வழியில் கணவர் அந்தக் கசாயப் போத்தலை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். "நீ எல்லாரையும் கேலி பண்ணுற" என்றார். நான் ஒரு விஷயம் கவனித்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கண்ட நேரத்திலிருந்து வீடு வரும்வரை ஹேர்னியாக்காரர் என் நினைவுக்கு வரவேயில்லை.

அடுத்த நாள் என் கணவரின் தங்கை சாய்ந்தமருதிலிருந்து வந்து இறங்கினாள், கையில் துணிப் பையோடு. தங்கப் போகிறாளாம். எனக்குச் சீ என்று போய்விட்டது. அவள் புருஷன் தோணிக்காரர். அவளுக்கு வாய்தான் தொழில். ஒரு கலியாண வீட்டில் நான் நடக்கும் நடையைச் செய்து காட்டி ஒரு கூடாரத்தையே சிரிக்க வைத்தாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தேவைக்கு மேல் அவளோடு நான் கதைத்ததில்லை.

வந்தவள் என் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமையலறைக்குள் போய், குரக்கன் மா எங்கே, சட்டி எங்கே என்று தேடி எடுத்து, பிட்டு அவித்து, மீன் ஆணத்தோடு கொண்டுவந்து வைத்தாள். நான் இன்சுலின் போடும்போது முகத்தைத் திருப்பவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு, தன் புருஷனின் அக்காவுடைய மருமகள் கலியாணச் சேலையைப் பின்புறம் முன்புறமாக உடுத்திக்கொண்டு மேடைக்கு வந்த கதையைச் சொன்னாள். மகா மட்டமான கதை. முழுவதையும் கேட்டேன்.

பின்னேரம் அதிபர் மறுபடி வந்து அந்த ஹேர்னியாக் கதையைத் திரும்பச் சொன்னார். அவர் போய்க் கேற்றைச் சாத்திய சத்தம் கேட்டதும் இவள் கதிரையில் சாய்ந்தாள். இல்லாத கோப்பையை ஊதினாள். தாடியைத் தடவினாள்.

"போனவர் போனவர்தான். நஸீபு. நீங்க யோசிக்காதீங்க. இன்னொரு பிளேன்ரீ இரிக்கா?"

அந்தக் கனைப்பு, சொல்லுக்குச் சொல் கண்ணை மூடுவது, எல்லாம் அவரேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன். பிறகு அந்த ஹேர்னியாக்காரர் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவரோடு இவளும் கோப்பையை ஊதிக்கொண்டு வந்தாள். பயப்பட முடியவில்லை.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வேலையாகிவிட்டது. வருகிறவர்களை அவள் வாசலிலேயே மடக்கினாள். "மதினி தூங்குறாங்க. என்னத்தையும் இஞ்ச வெச்சிட்டுப் போங்க." வட்டிலப்பத்தை அவளே தின்றாள். தின்றுகொண்டே, கொண்டுவந்தவள் முகம் சுருங்கிய விதத்தைச் செய்து காட்டினாள். நான் வைத்தியரைப் பற்றிச் சொன்னேன். அவள் என் கணவரின் வெயில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "கண் வேற, வயிறு வேற" என்றதும் என் கணவர் கோபித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கசாயத்தை வாழைக்கு ஊற்றினோம்.

இதை நல்ல குணம் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு பெண்கள் கூடிக்கொண்டு ஊரைப் பழித்தோம், அவ்வளவுதான். புறம் பேசுவது பாவம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பயமும் இளக்காரமும் ஒரே பாயில் படுக்காது என்று அந்த நாட்களில் கண்டுகொண்டேன். ஒன்று வந்தால் மற்றது எழும்பிப் போய்விடுகிறது. எனக்கு நித்திரை வந்தது. இன்சுலினும் வேலை செய்தது. விரலில் வரும் எண் இறங்கத் தொடங்கியது. கிளினிக்கில் காட்டியபோது புதுத் தவணை கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரி வாட்டில் என்னோடு நின்றவள் அவள்தான். கணவர் கீழே பள்ளிவாசலில் துஆக் கேட்கப் போய்விட்டார். காலையில் சீனி நூற்று நாற்பத்தெட்டு. பச்சை அங்கியும் தொப்பியும் திரும்ப வந்தன. சக்கரக் கட்டில் வரப்போகிறது என்று சொன்னதும், இவ்வளவு நாளும் போயிருந்த பயம் ஒரேயடியாக வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது. அவள் கையைப் பிடித்தேன். அவள் கையும் குளிர்ந்துதான் இருந்தது.

"ஆரையாவது செய்து காட்டன்" என்றேன்.

"ஆரச் செய்ய? எல்லாரும் முடிஞ்சி." கொஞ்சம் யோசித்தாள். "உங்களச் செய்யட்டா?"

"செய்."

எழுந்து நின்றாள். முதுகை நிமிர்த்தி, நாடியைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடி, எதிரே ஈ மொய்க்கிற ஒன்றைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். இல்லாத கடதாசி ஒன்றை இரண்டு விரலால் நுனியில் பிடித்துத் தள்ளினாள்.

"இதுல ஒப்பம் எங்க? போய் நிரப்பிட்டு வாங்க."

என் குரல்தான். அந்த 'வாங்க'வில் இருந்த மரியாதையில் ஒரு மரியாதையும் இல்லை. முழு ஊரும் இத்தனை காலமாக இந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு முத்திரை வாங்கியிருக்கிறது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. பக்கத்துக் கட்டில் மனுஷி எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்துவிட்டேன். சக்கரக் கட்டில்காரர் வந்து, "என்னம்மா, கலியாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டார்.

உள்ளே அதே டொக்டர். "பயமா அம்மா?" என்றார்.

"ஓம்" என்றேன். பொய் சொல்லித்தான் என்ன? கலிமாவைச் சொல்லிக்கொண்டே போனேன். பாதி வரையில் சொன்னது ஞாபகம்.

கண் திறந்தபோது தொண்டை எரிந்தது. வயிற்றில் சின்னச் சின்னதாக நாலு ஒட்டுகள். கட்டிலருகே என் கணவர் சத்தமாக அழுதுகொண்டிருந்தார். நான் உயிரோடு இருப்பதைக் கண்டபின் அழுகிற மனிதரை என்ன செய்வது? தண்ணீர் கேட்டேன். ஓடிப்போய்த் தாதியைக் கூட்டிவந்தார்.

எடுத்த கற்களை ஒரு குட்டிப் போத்தலில் போட்டுத் தந்தார்கள். மஞ்சளும் கறுப்புமாக, மிளகு அளவில். அந்தப் போத்தல் இப்போது எங்கள் வரவேற்பறை அலுமாரியில், மகனின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் என் கணவர் அதை எடுத்துக் குலுக்கிக் காட்டுகிறார், தானே கிணறு தோண்டி எடுத்த மாதிரி. "இவள் பயந்தவதான். நான்தான் தைரியம் சொல்லிக் கூட்டிப் போன" என்கிறார். வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு, வயிற்றில் மடிப்பைப் பிடித்து இன்சுலின் ஊசியைப் போடுகிறேன். கல் போனதால் சீனியும் போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் விளக்குவதில்லை.